கையே தூரிகை: வெப்கேமரா முன் சீன எழுத்து

கோங்சுன் என்ற பெண்ணின் வாள் நடனத்தைப் பார்த்த பிறகுதான் எழுத்துக்கலைஞர் சாங் ஷூவின் ஓட்டெழுத்து (தூரிகையை ஓட்டி வேகமாக எழுதும் பாணி) மெருகேறியது என்று சீனக் கவிஞர் தூ ஃபூ 767இல் எழுதிவைத்தார். உடலசைவிலிருந்து எழுத்துக் கற்பது அவ்வளவு பழைய வழக்கம். கையசைவைத் திரையில் தூரிகைக் கோடாக மாற்ற நமக்கு வெப்கேமரா உள்ள மடிக்கணினி போதும்.

முதலில், உலாவியிலேயே நிரல் எழுதி வரைய உதவும் பி5.ஜேஎஸ் (p5.js) இணையத் தொகுப்பானைத் திறந்து, இயந்திரக் கற்றல் கருவிகள் கொண்ட எம்எல்5 (ml5) நூலகத்தைச் சேருங்கள். அதிலுள்ள, உடல் நிலையைக் கண்டறியும் பாடிபோஸ் (bodyPose) கருவியில் மூவ்நெட் (MoveNet) என்ற மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் உடலின் 17 புள்ளிகள் கிடைக்கும். எண்கள் 0இல் தொடங்கும். வலது மணிக்கட்டு 10. அதுவே நம் தூரிகை நுனி.

அடுத்து, பின்னணி நிறம் பூசும் வரியை, தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஓடும் 'செட்டப்' (setup) பகுதியில் வையுங்கள். திரும்பத் திரும்ப ஓடும் 'டிரா'வில் (draw) வைத்தால் போட்ட மை உடனுக்குடன் அழிந்துவிடும். காட்சியை இடவலமாகத் திருப்பவும் வேண்டும். நான் மறந்துவிட்டு, கண்ணாடியில் பார்த்ததுபோல் வந்த எழுத்தைச் சீனம் தெரிந்த நண்பரிடம் பெருமையாகக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

மணிக்கட்டுப் புள்ளி நடுங்கும். ஒவ்வொரு முறையும் பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் உள்ள தூரத்தில் 20% மட்டும் நகர்த்தினால் அடங்கிவிடும்.

இனிதான் முக்கியமான வேலை. மெல்லப் போகும் தூரிகையின் மை தாளில் ஊறிக் கோடு பருக்கும், விரைந்தால் இளைக்கும். மணிக்கட்டின் அடுத்தடுத்த இரு இடங்களுக்கு இடையிலுள்ள தூரமே வேகம். அது 2 பிக்சல் என்றால் கோட்டின் தடிமன் 40 பிக்சல், அது 50 பிக்சல் என்றால் தடிமன் 4 என்று வைத்துப் பாருங்கள். இன்னும் விரைந்தால் தாளின் வெண்மை கோட்டுக்குள் எட்டிப் பார்க்கும். சீனர்கள் இதை 'ஃபெய்பாய்', பறக்கும் வெண்மை என்பார்கள். அதற்கு ஒரே கோட்டுக்குப் பதில் நெருக்கமாக 15 மெல்லிய கோடுகள் போட்டு, அங்கங்கே சிலவற்றை விட்டுவிடுங்கள்.

தூரிகையைத் தூக்கியது கேமராவுக்குத் தெரியாது. இடது மணிக்கட்டு (9) இடது தோளுக்கு (5) மேலே போனால் மை நிற்கட்டும். இடத்தைக் கணக்கிடுவது மட்டும் நிற்கக் கூடாது. நின்றால் அடுத்த கீற்று (தூரிகையைத் தூக்காமல் போடும் ஒரு கோடு) பழைய இடத்திலிருந்து இழுபட்டு வரும்.

பயிற்சிக்கு 'யொங்' என்ற எழுத்தை எடுங்கள். 'என்றென்றும்' என்று பொருள். அடிப்படைக் கீற்றுகள் எட்டும் அதில் அடங்கும். இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். வலப்பக்கம் சரியும் கடைசிக் கீற்றுக்குக் கையை மட்டும் ஆட்டினால் சப்பென்று இருக்கும். முழங்காலை மடக்கி மெல்ல இறங்குங்கள். கோடு பருத்துக்கொண்டே வரும். அடியில் ஒரு கணம் நின்று, வலப்பக்கம் சட்டென்று இழுத்து, இடது கையை உயர்த்துங்கள். நுனி கூராக முடிந்திருக்கும்.