நாய்ப் பயிற்சிக் காணொளிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குட்டி நாய் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, அது செருப்பைக் கடிப்பதற்கும் கூடத்தில் சிறுநீர் கழிப்பதற்கும் யூடியூபில் தீர்வு தேடத் தொடங்கிவிடுகிறோம். கிடைப்பதற்குக் குறைவில்லை. ஒரே சிக்கலுக்கு ஒருவர் கோழித்துண்டை நீட்டுகிறார். இன்னொருவர் கயிற்றை வெடுக்கென்று சுண்டுகிறார். இருவருமே தம் முறைதான் சரியானது என்று உறுதியாகச் சொல்கிறார்கள். நாய்ப் பயிற்சியாளர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளப் பெரும்பாலான நாடுகளில் உரிமமோ தேர்வோ தேவையில்லை என்பதால், சந்தாதாரர் எண்ணிக்கையையும் பேச்சின் மிடுக்கையும் வைத்து எவரையும் நம்பிவிட முடியாது. பார்ப்பவர்தான் சலித்தெடுக்க வேண்டும்.

அதற்கு நான் பரிந்துரைக்கும் முதல் வழி, ஒலியை அணைத்துவிட்டுக் காணொளியை ஒருமுறை ஓடவிடுவதாகும். பயிற்சியாளர் பேசும்போது, நாம் எதைக் காண வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துவிடுகிறார். “பாருங்கள், எவ்வளவு அடங்கிவிட்டது” என்று அவர் சொல்லும் நொடியில் அந்த நாயின் காதுகள் பின்னால் ஒட்டியிருக்கலாம்; உணவு எதுவும் இல்லாதபோதும் நாக்கு மூக்கை நக்கி நக்கி மறையலாம்; தலையை ஒருபுறம் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும்படி ஓரக்கண்ணால் மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்; வால் வயிற்றோடு ஒடுங்கியிருக்கலாம். இப்படி அசையாமல் நிற்கும் நாய் அச்சத்தில் உறைந்து நிற்கிறது. விருப்பத்தோடு கற்கும் நாயின் உடல் தளர்வாக இருக்கும்; வாய் சற்றே திறந்திருக்கும்; கயிறு தொய்வாகக் கிடந்தாலும் அது விலகிப் போகாது, அடுத்து என்ன என்று தானாகவே பயிற்சியாளரிடம் திரும்பி வரும். போர்ச்சுகலில் 92 நாய்களை ஆராய்ந்து 2020இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், தண்டனை சார்ந்த முறைகளைக் கையாண்ட பள்ளிகளின் நாய்கள் பயிற்சியின்போது மன அழுத்த அறிகுறிகளை அதிகமாகக் காட்டியதோடு, அவற்றின் உமிழ்நீரில் மன அழுத்தத்தின்போது கூடும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனின் அளவும் பயிற்சிக்குப் பின் கூடியிருந்தது.

நாயின் முகத்தைப் பார்த்த பிறகு கழுத்தைப் பாருங்கள். முடி அடர்ந்த நாய்களில், உட்புறம் முட்கள் கொண்ட உலோகப்பட்டை வெளியே தெரியாமல் மறைந்துவிடும். பட்டையில் சிறு கறுப்புப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருந்து, பயிற்சியாளரின் ஒரு கை எப்போதும் எதையோ பற்றியபடியே இருந்தால், அது பொத்தானை அழுத்தினால் நாயின் கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் மின்னதிர்வுப் பட்டையாக இருக்கக்கூடும். நாய்களுக்கு மின்னதிர்வுப் பட்டைகளை அணிவிப்பதை வேல்ஸ் நாடு 2010இலேயே தடை செய்துவிட்டது. கருவியைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் அதன் விளைவை மட்டும் காட்டும் காணொளியைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

இதன் பிறகு ஒலியைத் திறந்து, அவர் தரும் காரணங்களைக் கேளுங்கள். “நாய் உங்களை அடக்கியாளப் பார்க்கிறது, கூட்டத்தின் தலைவர் நீங்கள்தான் என்று காட்டுங்கள்” என்னும் விளக்கம் வந்தால் எச்சரிக்கையாகுங்கள். ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட, அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றிய ஆய்விலிருந்துதான் இக்கருத்து பரவியது. 1970இல் தம் நூலின் மூலம் அதைப் பிரபலமாக்கிய டேவிட் மெக் என்னும் ஆய்வாளரே, இயற்கையில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். ஓநாய்க்கே பொருந்தாத கதையை வைத்து நம் வீட்டு நாயை மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அப்படிப் பிடிக்கும்போது அது கடித்தால், அதை நாயின் குற்றமாகவும் கருத முடியாது. உறுமலை அதட்டி நிறுத்தக் கற்றுத் தரும் காணொளிகள் இவற்றைவிட ஆபத்தானவை. உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. அதைத் தண்டித்து அடக்கினால், எச்சரிக்கை தராமலே கடிக்கும் நாயாக அது மாறக்கூடும். உறுமலுக்கான காரணத்தைத் தேடுபவரே நல்ல பயிற்சியாளர்.

படத்தொகுப்பையும் கவனிக்க வேண்டும். கயிற்றை இழுத்துக்கொண்டு பாயும் நாய் ஒரு காட்சியிலும், பூனைபோல் பக்கத்தில் நடக்கும் அதே நாய் அடுத்த காட்சியிலும் வந்தால், நாம் கற்க வேண்டிய பகுதி முழுவதும் அந்த இடைவெளியில் வெட்டப்பட்டுவிட்டது என்று பொருள். வெட்டாமல் ஓடும் சில நிமிடக் காட்சியில், நாய் தவறுவதும் பயிற்சியாளர் ஒரு படி பின்வாங்கி எளிய நிலையிலிருந்து மீண்டும் தொடங்குவதும் தெரியும். உணவைத் தரும் நேரமும் அதில்தான் தெளிவாகும். நாயின் பின்பகுதி தரையைத் தொட்ட நொடியிலேயே கிளிக்கர் என்னும், அழுத்தினால் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் சிறு கருவியின் ஒலியோ ஒரு பாராட்டுச் சொல்லோ வந்து, உடனே தின்பண்டம் வாய்க்குப் போக வேண்டும். இரண்டு மூன்று நொடிகள் தாமதித்தால் நாய் அதற்குள் எழுந்துவிடும். எழுந்ததற்குத்தான் பரிசு கிடைத்தது என்று அது புரிந்துகொள்ளும்.

முறை நல்லதாக இருந்தாலும் அது உங்கள் நாய்க்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை குட்டிகள் புதியவற்றை எளிதில் ஏற்றுக்கொள்கின்றன. அந்த வயதுக்கு உட்காரவும் கைகொடுக்கவும் கற்பிக்கும் காணொளிகளைவிட, குக்கர் விசில், மிக்ஸி, தலைக்கவசம் அணிந்த மனிதர் முதலியவற்றை அச்சமின்றி அறிமுகப்படுத்தக் காட்டும் காணொளிகளே பயன் தரும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்கள் ஓடுவதைக் கண்டதும் துரத்தும் வேட்டையினங்கள். லேப்ரடாரை வைத்து, திறந்த வெளியில் கயிறில்லாமல் அழைத்துக் காட்டும் பாடத்தை அவற்றிடம் அப்படியே முயன்றால், நாய் அடுத்த தெருவுக்குப் போய்விடும். நீண்ட கயிற்றில் தொடங்கிப் படிப்படியாகக் கற்பிக்கும் பாடமே அவற்றுக்கு ஏற்றது. வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் பாலாடைக்கட்டிக்கும் ஈரல் பிஸ்கட்டுக்கும் பதிலாக, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறியை நகக்கண் அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொண்டால் போதும். திராட்சை, சாக்லேட், வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. நிலக்கடலை வெண்ணெய் வாங்குவதானால் அதில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தேர்ந்தெடுத்த பிறகு ஒருவரையே சில வாரங்கள் பின்பற்றுங்கள். காலையில் ஒருவர் முறை, மாலையில் இன்னொருவர் முறை என்று மாற்றினால் நாய் குழம்பிவிடும். அப்பா “சிட்” என்றும் பாட்டி “உக்காரு” என்றும் சொல்லும் வீட்டில் பாதிக் குழப்பம் ஏற்கெனவே இருக்கிறது; அதை முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பயிற்சி தருவதை அலைபேசியில் பதிவு செய்து, அதையும் ஒலியின்றிப் பார்த்தால், பரிசு தாமதமாவதும் நாய் சலித்துப்போவதும் கண்ணில் படும். ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடப் பயிற்சி போதும். வெயில் ஏறிய பிறகு வெளியே வேண்டாம்.

காணொளிக்கு அப்பாற்பட்ட சிக்கல்களும் உண்டு. சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினாலும், பழகிய நாய் வீட்டுக்குள் மீண்டும் சிறுநீர் கழித்தாலும், வலியோ நோயோ காரணமாக இருக்கலாம் என்பதால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மனிதரைக் கடித்த நாய்க்குத் திரையில் பார்த்த பாடத்தை முயன்று பார்க்கக் கூடாது; கால்நடை மருத்துவர் பரிசோதித்த பிறகு, அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவர் அந்த நாயை நேரில் பார்த்துத்தான் வழி சொல்ல முடியும். இத்தகைய நிலைகளில் தம் காணொளி போதாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுபவரின் மற்றப் பாடங்களை நம்பிப் பார்க்கலாம்.