பழைய டீசல் பிக்கப்: வீட்டிலேயே வேலை பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன், தான் புதிதாக வாங்கிய பழைய டாடா 207-இன் ரேடியேட்டரில் தோட்டத்து ஹோஸைச் செருகிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். திருமங்கலத்து போர்வெல் தண்ணீர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன்.

ஆயிலை நேரத்துக்கு மாற்றுவது, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காமல் இருப்பது எல்லாம் தெரிந்த கதை. அதை விட்டுவிடுகிறேன்.

போர்வெல் தண்ணீரும் கழற்றி எறிந்த வால்வும்

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. வண்டி வாங்கிய மாதமே, "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வால்வு எதுக்குண்ணே, கழட்டிருவோம்" என்றார் மெக்கானிக். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைக்கும் வால்வு அது. சரி என்று தலையாட்டினேன். ரேடியேட்டருக்கு வீட்டுத் தொட்டித் தண்ணீர். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுகிறதே, அதே உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும் என்பது அப்போது தோன்றவே இல்லை.

இரண்டு வருடம் ஓடியது. ஒரு மே மாதம் கம்பம் ஊரில் தேங்காய் ஏற்றிக்கொண்டு ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது ஊசி சிவப்பைத் தொட்டது. கொஞ்ச தூரத்தில் தானாகவே இறங்கியது. அப்பாடா என்று மிதித்தேன். அதுதான் முட்டாள்தனம். தண்ணீர் கொதித்து வெளியேறி, சென்சார் நனையாமல் நின்றதால்தான் ஊசி விழுந்திருக்கிறது. வண்டி இழுக்காமல் நின்ற பிறகு, குடிக்க வைத்திருந்த பச்சைத் தண்ணீரைக் கொதிக்கிற இன்ஜினில் ஊற்றினேன். இன்ஜின் தலைப்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போயிற்று, ஹெட் வளைந்தது, தண்ணீர் கலந்து ஆயில் பால் காபி நிறத்துக்கு வந்தது. லேத்து, கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தைத் தொட்டது. தேங்காய்க்காரர் பேசிய பேச்சு தனி.

வால்வு இல்லையென்றால் இன்ஜின் குளிர்ச்சியாக ஓடும் என்பது பாதி உண்மை. வெறும் வண்டியில் தேவைக்கு மேல் குளிர்ந்து டீசலைக் குடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் திரும்பும் பைபாஸ் வழி உள்ள இன்ஜினில் வேறொரு சிக்கல் இருக்கிறது. சூடேறியதும் வால்வின் கீழ்த்தட்டு இறங்கி அந்த வழியை அடைக்க வேண்டும். வால்வே இல்லாவிட்டால் கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். லோடோடு ஏற்றம் ஏறும்போதுதான் இது தெரியும்.

சந்தேகமாக இருந்தால் வால்வைக் கழற்றி, நூலில் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். திறக்க வேண்டிய சூடு அதிலேயே பொறித்திருக்கும், பெரும்பாலும் 80-ஐ ஒட்டி. தண்ணீர் தளதளவென்று கொதித்தும் வாய் திறக்காவிட்டால் மாற்றிவிடுங்கள். புது வால்வு சில நூறு ரூபாய்தான். தண்ணீர் கலக்காத கூலண்ட்டை பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். அது காய்ந்து போனால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்.

பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூட்டுவது

லோடு தாங்கும், பிரேக் தாங்காது. பின்பக்க பிரேக்குக்கு லோடு பார்த்து அழுத்தம் கொடுக்கும் வால்வு உள்ள வண்டிகளில், பட்டை கூட்டியதும் பின்பக்கம் உயர்ந்து நிற்கும். வண்டி காலியாக இருக்கிறது என்று அந்த வால்வு ஏமாந்து பின் பிரேக்கைக் குறைத்துவிடும். சிறுமலை இறக்கத்தில் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே போய் இதைச் சோதிக்க வேண்டாம்.

பம்ப் ஸ்க்ரூ

டீசல் பம்பில் டீசல் அளவைக் கூட்டும் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். பெரும்பாலும் கூடுவது கரும்புகைதான்.

கூடுதல் லைட்

மின்சுமையைத் தான் தாங்கும் ரிலே சுவிட்ச், ஃபியூஸ், தடித்த ஒயர். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் போடாதீர்கள்.

பாடியை மாற்றுவது

ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை போடுகிறது. வெல்டிங் பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள்.

அந்தப் பையன் நேற்று வந்தான். வால்வு நன்றாகத்தான் திறக்கிறதாம். அவன் வேகவைத்த பாத்திரம் அவன் அம்மாவின் பால் சட்டி. இப்போது அது வண்டியின் கருவிப் பெட்டிக்குள் இருக்கிறது.