திருகோணமலை வெக்கையில் சுருட்டுப் பெட்டி

சுருட்டு வைக்கும் பெட்டிக்குப் பலரும் சொல்லும் 70% ஈரப்பதம், 21 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அறைக்கானது. இங்கே அறையே 30 பாகையில் கிடக்கும். 62 முதல் 65% போதும். கூடினால் பூஞ்சணம் பிடிக்கும், சுருட்டும் சீராக எரியாது.

முதலில் பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் ஈரமானியைச் சோதியுங்கள். போத்தல் மூடியில் மேசை உப்பைப் போட்டுச் சேறுபோல ஆகச் சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு காற்றுப் புகாத பையில் 8 மணித்தியாலம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 71 என்றால் எப்போதும் 4 கூட்டிப் படியுங்கள். நிலாவெளி உப்பளத்துக் கல்லுப்பு வேண்டாம், அதிலுள்ள மக்னீசியம் அளவை இறக்கிவிடும்.

புதுச் சீடர் (cedar) மரப்பெட்டிக்குள் 84% ஈரப்பொதியை (ஈரப்பதத்தை அந்த அளவில் வைத்திருக்கும் சிறு பை) இரண்டு கிழமை மூடிவையுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த மரம் சுருட்டின் ஈரத்தை உறிஞ்சும். பிறகு 25 சுருட்டுக்கு 60 கிராம் 65% பொதி ஒன்று. கச்சான் காற்றில் பொதி விரைவில் இறுகும், மாற்றுங்கள். வாடை மழையில் பெட்டியை அடிக்கடி திறக்காதீர்கள்.

இந்த ஊரில் பெரிய எதிரி புகையிலை வண்டுதான். வெக்கை கூடினால் முட்டை விரைவில் பொரிக்கும். வாங்கிய சுருட்டை இறுக மூடிய பையிலிட்டு பிரீசரில் 3 நாள், பிறகு பிரிட்ஜில் ஒரு நாள் வைத்தே வெளியே எடுங்கள். நேரே எடுத்தால் மேலிலை வெடிக்கும்.