பம்ப் மார்க்கரைத் திறந்து பார்ப்போம்: உள்ளமைப்பு ஏன் மாறியது?

பெயிண்ட்பால் விளையாட்டில் பெயிண்ட் நிரம்பிய குண்டுகளைக் கேஸ் அழுத்தத்தால் சுடும் துப்பாக்கிதான் மார்க்கர்; ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளி ஏற்ற வேண்டியது பம்ப் மார்க்கர். பழைய பம்ப் மார்க்கர்களை உள்ளமைப்பை வைத்து நெல்சன், ஷெரிடன் என்று இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பழுது பார்ப்பது சுலபம்.

படி 1: முகக்கவசம் அணியுங்கள். முதலில் குண்டுகளை எடுங்கள், பிறகு கேஸைக் கழற்றுங்கள். 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி என்றால் மூடியை மெல்லத் திருகி, "உஸ்" சத்தம் முழுவதும் அடங்கும்வரை பொறுங்கள். அதன்பின் தரையை நோக்கிப் பம்ப் செய்து இரண்டு முறை சுடுங்கள். மிச்சக் கேஸ் இருந்தால் கழற்றும்போது ஸ்பிரிங் முகத்துக்கே பாயும்.

படி 2: மார்க்கரின் உடலில் உள்ள குழாய்களை எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால் நெல்சன். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் ஷெரிடன்.

படி 3, நெல்சன்: வால்வ் (கேஸைத் திறந்துவிடுவது), ஹேமர் (வால்வை அடித்துத் திறப்பது), ஸ்பிரிங், போல்ட் (குண்டைப் பேரலுக்குள், அதாவது சுடும் குழலுக்குள், தள்ளுவது) எல்லாம் ஒரே குழாயில் வரிசையாக இருக்கும். நடுவே ஓடும் மெல்லிய குழல் வழியே கேஸ் நேராகக் குண்டை அடையும். இந்த வழிவந்த நெல்ஸ்பாட் 007, மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளப் புள்ளி வைக்கச் செய்த கருவி. மரம் ஓடப்போவதில்லை, அதனால் ஒவ்வொரு முறையும் பின்னால் உள்ள போல்ட்டைக் கையால் இழுப்பது யாருக்கும் சிரமமாகத் தெரியவில்லை. 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஹெனிக்கர் காட்டில் 12 பேர் அதை வைத்து விளையாடியபோது எதிரே இருந்தது ஓடும் மனிதர்கள். குறி கலையாமல் அடுத்த குண்டை ஏற்ற, பேரலுக்குக் கீழே முன்கைப் பம்ப் வந்தது.

ஆனால் குண்டு உள்ளேயே உடைந்தால் நெல்சனில் வேலை அதிகம். பெயிண்ட் காய்ந்து பசையாகி, போல்ட் இழுபட்டு, வேகம் குறையும். பேரலைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்கு உலர்த்தி, மார்க்கர் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள்.

படி 4, ஷெரிடன்: கீழ்க்குழாயில் ஹேமரும் வால்வும், மேல்குழாயில் போல்ட். ஸ்னைப்பர் போன்ற ஷெரிடன் வகை மார்க்கர்களில் ஒரு பின்னை இழுத்தால் போல்ட் மட்டும் பின்பக்கமாக வெளியே வந்துவிடும். உடைந்த குண்டை ஆட்ட நடுவிலேயே துடைத்துவிடலாம். இந்த அமைப்பு பரவ இது பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு. இந்த வசதிக்காக ஏற்க வேண்டிய குறைகள், உயரமான உடலும் கேஸ் மேலேறித் திரும்பும் வளைந்த பாதையும். எடை குறைவான 12 கிராம் மார்க்கருக்கு நெல்சனே பொருத்தம். ஃபேன்டம் என்ற மார்க்கர் நெல்சன் அமைப்பில்தான் இயங்குகிறது.

இரண்டு வகையிலும் பேரல் வழியே விடாமல் கேஸ் கசிந்தால், வால்வ் சீலில் (கேஸை அடைக்கும் பகுதியில்) தூசியோ வெட்டோ இருக்கும்.

படி 5: ஹேமர் ஸ்பிரிங்கை இறுக்கினால் வால்வ் அதிக நேரம் திறந்திருந்து வேகம் கூடும், வால்வ் ஸ்பிரிங்கை இறுக்கினால் குறையும். ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் மூன்று குண்டு சுட்டு வேகமானியில் பாருங்கள். விநாடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது. கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 0°செ-இல் சுமார் 500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), 20°செ-இல் சுமார் 830. அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் சேர்ந்ததே இந்த ஏற்ற இறக்கத்தால்தான். அது இல்லாத மார்க்கரைக் காலைக் குளிரில் சரிசெய்திருந்தால், வெயில் ஏறியதும் கட்டாயம் மறுபடி அளந்து பாருங்கள்.