ரோட்டா சொட்டு மருந்து: எல்லையின் இரு பக்கமும் நாம் செய்யும் தவறுகள்

என் தங்கை வாழ்க்கைப்பட்டது ஆந்திரத்துப் பலமநேரில். தலைப்பிரசவத்துக்கு எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டின் பரதராமியிலுள்ள தாய்வீட்டுக்கு வந்தாள். ஒன்றரை மாதத்து ஊசிகளும், குழந்தைகளுக்குக் கடும் பேதி தரும் ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்தின் முதல் தவணையும் இங்கேயே முடிந்தன. மூன்றாம் மாதம் பிறந்ததும் புகுந்த வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். தடுப்பூசி அட்டை எங்கள் பீரோவில் தங்கிவிட்டது. "அட்டை இல்லாமல் போனால் திட்டுவார்கள் அக்கா, அடுத்த முறை வரும்போது இங்கேயே போட்டுக்கொள்கிறேன்" என்று போனில் சொன்னாள். நானும் சரி என்றேன். அவள் மறுபடி வருவதற்குள், நாலரை மாதத்தில், குழந்தைக்குப் பேதி கண்டு இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று.

மற்ற தவணைகளைப் போட்டிருந்தால் அந்தப் பேதி வந்தே இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் "அடுத்த முறை" என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது தவறு. ஏன் தவறு என்பதற்கான விடை, குடியாத்தம் வழியாகப் பஸ் ஏறினால் வந்துவிடும் வேலூரில் இருக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் என்ற மருத்துவ விஞ்ஞானி பல்லாண்டுகள் குழந்தைகளின் குடல் நோய்களை ஆராய்ந்தார். 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானவர். அவரும் சக ஆய்வாளர்களும் வேலூரின் நெருக்கமான குடியிருப்புகளில் 2002 முதல் பிறந்த 452 குழந்தைகளை ஆய்வில் சேர்த்தார்கள்; அவர்களில் 373 பேரை மூன்று வயது வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய், பேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மல மாதிரி வாங்கிவந்து சோதித்தார்கள். ஒரு நோயை அறிய இத்தனை பொறுமை வேண்டியிருக்கிறது.

2011-இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு செய்திகள் தெரியவந்தன. ஆறு மாதம் ஆவதற்குள்ளேயே 56 சதவீதக் குழந்தைகளை ரோட்டா வைரஸ் தொற்றிவிட்டது. அடுத்தது இன்னும் கவலை தருவது. மெக்சிகோவில் நடந்த பழைய ஆய்வில், இரண்டு முறை தொற்றிய குழந்தைக்கு அதன்பின் கடுமையான ரோட்டா பேதி வரவேயில்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். நோயே மூன்று முறை வந்தும் உடல் முழுதாகக் கற்றுக்கொள்ளாத மண்ணில், ஒரு தவணையோடு நிறுத்துவது எவ்வளவு துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள். வைரஸ் அட்டையைப் பார்த்து வருவதில்லை. 6, 10, 14 வாரங்கள் என்று தேதி குறித்திருப்பது அது வருவதற்குள் முந்திக்கொள்ளத்தான். முதல் தவணையை ஒரு வயதுக்குப் பிறகு தொடங்கவும் முடியாது.

"அந்தப் பக்கம் மருந்தே வேறு" என்ற பேச்சு எங்கள் ஊரில் இன்னும் உண்டு. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆந்திரத்தில் இந்த மருந்து அரசுத் திட்டத்தில் 2016-லேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு 2017-இல்தான் வந்தது. இப்போது இரு பக்கமும் அதே அட்டவணைதான். இந்தச் சொட்டு மருந்து இரண்டு பெயர்களில் வருகிறது. ரோட்டாவாக் ஐந்து சொட்டு. ரோட்டாசில் அதைவிடக் கூடுதலான அளவில் கொடுக்கப்படுவது. முடிந்தவரை ஒரே மருந்தாக முடிப்பது நல்லது. அது கிடைக்கவில்லை என்றால் இருப்பதைப் போட்டுக்கொள்ள வேண்டுமே தவிர, தேதியைத் தள்ளக்கூடாது.

படித்தவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. டெல்லி, புணே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், ரோட்டாவாக் முதல் வயதில் கடுமையான ரோட்டா பேதியை 56 சதவீதம் குறைத்தது. "போட்டும் 44 பேருக்கு வருமாமே" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். கணக்கு அப்படி இல்லை. சொட்டு மருந்து போடாத ஒரு பெரிய கூட்டத்தில் 100 குழந்தைகள் கடுமையாக நோய்ப்பட்டால், அதே அளவுள்ள, போட்டுக்கொண்ட கூட்டத்தில் சுமார் 44 பேர்தான் நோய்ப்படுவார்கள். மீதி 56 தாய்மார்கள் அன்று இரவு வீட்டில் தூங்குவார்கள்.

"எங்கள் வீட்டில் கேன் தண்ணீர்தான்" என்பதும் காப்பாற்றாது. கைவழியாக, பொம்மைவழியாகப் பரவும் கிருமி இது. சுத்தமான வீட்டுப் பிள்ளையையும் விடாது. மற்றொரு பக்கம், இந்தச் சொட்டு மருந்து ரோட்டாவுக்கு மட்டும்தான். பேதிக்கு வேறு கிருமிகளும் உண்டு. போட்ட பிறகும் ஒருமுறை பேதியானால் மருந்து பொய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மருந்தில் உயிருள்ள கிருமி இருக்கிறதே என்று அஞ்சுபவர்களுக்கு அது வந்த வழியைச் சொல்ல விரும்புகிறேன். 1980-களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகளுக்கு ஒரு ரோட்டா வைரஸ் தொற்றியும் பேதியே வரவில்லை என்பதை மகாராஜ் கிஷன் பான் குழுவினர் கவனித்தார்கள். இயல்பிலேயே சாதுவான அந்த வைரஸிலிருந்துதான் ரோட்டாவாக் உருவானது. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் குடல் செருகல் பற்றிய அச்சமும் உண்டு. அது ரோட்டாவாக் போட்டவர்களிடம் கூடவில்லை என்று 2020-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. என்றாலும் குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, மலத்தில் ரத்தம் கண்டால் எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். சொட்டு மருந்து கொடுத்ததும் அரைமணி நேரம் தாய்ப்பால் தராமல் வைத்திருப்பது தேவையே இல்லை.

இனி பேதி வந்தபின் நடப்பது. பல் முளைக்கிறது என்று விட்டுவிடுவதும், தொக்கம் எடுக்க அலைவதும் கைக்குழந்தையிடம் நேரத்தைத் தின்றுவிடும். என் தங்கை வீட்டில் ஒரு நாள் அப்படித்தான் போனது. நான் போய்ப் பார்த்தபோது குழந்தை அழுதது, கண்ணில் நீர் இல்லை. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டேன். கசங்கிய துணியின் மடிப்பைப் போல மெல்லத்தான் இறங்கியது. காலையிலிருந்து ஒருமுறைகூடச் சிறுநீர் கழிக்கவில்லை என்றாள் தங்கை. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது.

ஓ.ஆர்.எஸ். கரைசலையும் அந்த வீட்டில் பார்த்தேன். ஒரு டம்ளரில் பொட்டலத்தில் பாதியைக் கொட்டிக் கலக்கியிருந்தார்கள். உப்பு மிகுந்தால் கேடு கூடும். தண்ணீர் மிகுந்தால் பயன் குறையும். ஒரு லிட்டருக்கான பொட்டலம் முழுவதையும் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, தேக்கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். 24 மணி நேரம் கடந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்கலாம். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. மருத்துவர் தரும் ஜிங்க் மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். வைரஸ் பேதிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவது வீண்.

ஊருக்குக் கிளம்பும்போது பால்புட்டிக்கு முன்னால் அட்டையைப் பையில் வையுங்கள். அதன் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துக் கணவருக்கும் அனுப்பிவிடுங்கள். அட்டை தொலைந்தாலும் தடுப்பூசியை மறுக்கமாட்டார்கள், போய்க் கேளுங்கள். தங்கை குழந்தையின் இரண்டாம் தவணையைப் பலமநேரிலேயே போட்டார்கள். எங்கள் அட்டையின் தமிழை அங்குள்ள செவிலியரால் படிக்க முடியவில்லை. தேதிகள் எண்களில் இருந்தன; அவை அவருக்குப் போதுமாக இருந்தன.