எஸ்எஸ் வெல்டு கறுத்ததற்குக் காரணம் ஃபேன்!

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் டிக் வெல்டிங் பழகினேன்; ஆர்க் என்னும் மின்பொறியால் உலோகத்தை உருக்கி ஒட்டும் வேலை. மூன்று வாரம் ஆகியும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் நான் போட்டதெல்லாம் அடுப்புக்கரி நிறம்தான். வேலை, ஏற்காட்டு எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் கழுவும் தொட்டி. 304 கிரேடு, 1.5 மி.மீ. தகடு. முன்பக்கம் சாம்பல், பின்பக்கம் பொரிந்த அப்பளம்.

முதலில் ஆம்பியரைச் சந்தேகப்பட்டு 85-லிருந்து 55-க்கு இறக்கினேன். கொஞ்சம் தேறியது. அப்புறம், உருகும் உலோகத்தில் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் வாயுவை நிமிடத்துக்கு 9 லிட்டரிலிருந்து 20-க்கு ஏற்றினேன். இன்னும் மோசம்! வேகமாகப் பாயும் வாயு சுழன்று, வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும் என்று அப்போது தெரியாது.

பட்டறைப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, உன் முதுகுக்குப் பின்னால என்ன ஓடுது?"

பெடஸ்டல் ஃபேன். மே மாத சேலத்தில் அது இல்லாமல் எப்படி? ஆனால் ஆர்கானை அதுதான் ஊதித் தள்ளியிருக்கிறது.

ஃபேனை நிறுத்தி, வாயுவை மறுபடி 9-க்குக் கொண்டுவந்தேன். அசிட்டோனால் துடைத்தேன். இரும்புக்குப் பயன்படுத்திய பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு எஸ்எஸ்ஸுக்கென்று தனி பிரஷ் வாங்கினேன். பழையது இரும்புத் துகளை ஒட்டித் துருவுக்கு வழி செய்யும். ஆர்க் அணைந்த பிறகும் டார்ச்சை நகர்த்தாமல், வாயு பாய்ந்துகொண்டிருக்க எட்டு விநாடி பிடித்தேன். இணைப்பை நிரப்ப உருக்கும் 308எல் கம்பியின் நுனியையும் வாயுவுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். பின்பக்க இணைப்பை டேப்பால் மூடி, உள்ளேயும் ஆர்கான் விட்டேன்.

வைக்கோல் மஞ்சளில் வெல்டு வந்தது. சட்டைதான் தொப்பலாக நனைந்திருந்தது.