18-ஆம் நூற்றாண்டில் நண்பருக்காக மருத்துவரிடம் ஆலோசனை கேட்பது எப்படி?

1780-களின் ஸ்காட்லாந்து. உங்கள் நண்பருக்கு மாதக்கணக்கில் வயிற்று வலி. ஊரில் இருப்பது ஒரே ஒரு சர்ஜன். அவரே மருந்தும் கலக்கித் தருவார், சிகிச்சையாக உடலிலிருந்து ரத்தமும் எடுப்பார். பெயர் பெற்ற மருத்துவர் எடின்பரோவில் இருக்கிறார்: பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கல்லன். அவரை நேரில் பார்க்காமலே ஆலோசனை பெறலாம். வழி, கடிதம்தான். கல்லனின் ஆலோசனைக் கடிதங்கள் 5,000-க்கு மேல் எடின்பரோ மருத்துவர் கல்லூரியில் இன்றும் இருக்கின்றன. அவருக்கு வந்தவற்றில் பலவற்றை எழுதியவர் நோயாளி அல்ல. கணவர், உறவினர், நண்பர், பாதிரியார், சர்ஜன். அந்தக் கடிதங்களைப் படிக்கத் தொடங்குவோருக்கும் அக்காலத்தை வைத்துக் கதை எழுதுவோருக்கும் இந்த விளக்கம் உதவும்.

கடிதத்துக்கு ஏற்ற நோயா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல், நிற்காத ரத்தப்போக்கு என்றால் கடிதம் எழுதவே கூடாது. பதில் வரும்போது நோய் வேறு கட்டத்துக்குப் போயிருக்கும். பக்கத்தில் யார் கிடைத்தாலும் ஆள் அனுப்பிக் கூட்டி வாருங்கள். கீல்வாதம், நாள்பட்ட இருமல், செரிமானக் கோளாறு, தூக்கமின்மை, மனச்சோர்வு போன்றவை கடிதத்துக்குப் பொருத்தமானவை.

ஊர் சர்ஜனைத் தாண்டிப் போகாதீர்கள்

நண்பரின் சம்மதம் வாங்கிய கையோடு, இதுவரை பார்த்த சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள். அவரை மறைத்து எழுதினால் இரண்டு நஷ்டம். என்னென்ன மருந்து, எந்த அளவில் கொடுக்கப்பட்டது என்பது அவருக்குத்தான் தெரியும். கல்லன் எழுதி அனுப்பும் மருந்தைக் கடைசியில் கலக்கித் தரப்போவதும் அவரே. முடிந்தால் அவர் கையாலேயே ஒரு குறிப்பு எழுதி வாங்குங்கள்: எத்தனை முறை ரத்தம் எடுத்தார், எத்தனை அவுன்ஸ், பேதி மருந்து கொடுத்தாரா, காய்ச்சலுக்கான சிங்கோனா மரப்பட்டையோ அபினோ கொடுத்தாரா, கொடுத்த பிறகு என்ன ஆனது.

நோயாளியைக் கவனித்துக் குறிப்பெடுங்கள்

வேலையின் கனமான பகுதி இதுதான். ஸ்டெதஸ்கோப் வந்ததே 1816-ல். அதற்கு முன் மருத்துவர் நேரில் பார்த்தாலும் நாடி, நாக்கு, சிறுநீர், முகத்தோற்றம், நோயாளி சொல்லும் கதை இவற்றைத்தான் பெரிதும் நம்பினார். அதனால்தான் கடிதச் சிகிச்சை அன்று அரைகுறை வேலையாகத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கதை முழுமையாக இருக்க வேண்டும்.

சில நாட்கள் தொடர்ந்து குறித்து வையுங்கள். நாடியைக் காலையில், எழுந்து நடமாடுவதற்கு முன், ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நிமிடக் கணக்கில் நாடி எண்ணுவதற்கென்றே தனிக் கடிகாரம் வேண்டும் என்று ஆங்கில மருத்துவர் ஜான் ஃப்ளோயர் 1707-லேயே எழுதிவிட்டார். நொடிமுள் உள்ள கடிகாரம் இல்லாவிட்டால் 'வேகம், மெலிவு, இறுக்கம்' என்று விரலுக்குப் பட்டதை எழுதினால் போதும். ஊகித்து எண் போட வேண்டாம். சாப்பிட்டதும் எண்ணினால் கணக்கு கூடும். அதை மருத்துவர் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்வார்.

பிறகு அக்கால மருத்துவம் ஆறாகப் பிரித்து வைத்த வாழ்க்கை முறையைக் கேட்டு எழுதுங்கள்: காற்றும் இருப்பிடமும், உணவும் குடியும், தூக்கமும் விழிப்பும், உழைப்பும் ஓய்வும், உடலிலிருந்து வெளியேறுவதும் தங்குவதும், மனத்தின் உணர்ச்சிகள். ஐந்தாவதை எழுத வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள். மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை, சிறுநீரின் நிறம் என்ன, அடியில் வண்டல் படிகிறதா என்பதெல்லாம் கட்டாயம் வேண்டும். ஆறாவதும் அப்படித்தான். பிள்ளை இறந்த துக்கம், கடன் தொல்லை எதையும் மறைக்காதீர்கள்.

எதைக் கேட்பது என்று திகைத்தால், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் திசோ காட்டிய வழி உண்டு. மக்களுக்காக 1761-ல் வெளியிட்ட நூலில், மருத்துவரிடம் ஆலோசனை கேட்பவர் சொல்ல வேண்டியவற்றைக் கேள்விப் பட்டியலாகவே கொடுத்தார்: வயது, பழைய உடல்நிலை, நோய் எப்போது எப்படித் தொடங்கியது, பசி, தாகம், வலி எங்கே என்று நீளும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கேள்விகள் உண்டு.

எழுதும் முறை

வயது, உடல்வாகு, தொழில், பிறகு நோயின் வரலாறு கால வரிசையில், இன்றைய நிலை, கொடுத்த மருந்துகள், கடைசியில் உங்கள் கேள்விகள். நோய்க்கு நீங்களே பெயர் சூட்டாதீர்கள். 'இவருக்கு வயிற்றில் கீல்வாதம்' என்று எழுதுவதைவிட இப்படி எழுதுங்கள்: 'சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் தொப்புளுக்கு மேல் வலி தொடங்குகிறது. புளித்த ஏப்பம் வருகிறது. வாந்தி எடுத்தால் குறைகிறது.' நோய்ப்பெயர் மட்டும் உள்ள வரியில் மருத்துவர் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நண்பர் சொன்னது எது, நீங்கள் கண்டது எது என்றும் பிரித்துக் காட்டுங்கள்.

வசதியையும் சொல்லிவிடுங்கள். குதிரை சவாரி, மோஃபட், ஹாரோகேட் போன்ற ஊர்களின் கனிம ஊற்றுநீர், வெப்பமான ஊருக்கு இடமாற்றம் எல்லாம் சாதாரணமாக எழுதப்பட்ட சிகிச்சைகள். நண்பரிடம் குதிரையும் இல்லை, கடையை விட்டு நகரவும் முடியாது என்றால் அதை முன்பே தெரிவிக்காதவரை பதில் பயன்படாது.

கட்டணமும் தபாலும்

தொகையைக் கடிதத்தோடு அனுப்புங்கள். வழக்கமான அளவு ஒன்றிரண்டு கினி; ஒரு கினி 21 ஷில்லிங். ஒரு கினி என்பது கூலியாளுக்குச் சில வாரச் சம்பளம். அது இயலாதவருக்கு 1776-ல் எடின்பரோவில் தொடங்கிய இலவச மருந்தகம் உண்டு, ஆனால் நோயாளி நேரில் போக வேண்டும்.

தபால் கட்டணம் தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் பொறுத்தது. பொதுவாகப் பெறுபவரே கட்டுவார். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்தாலும் இன்னொரு தாளாகக் கணக்காகும். அதனால் தனி உறை வேண்டாம். தாளையே மடித்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதி, அரக்கு முத்திரை வையுங்கள். தங்க நாணயத்தை உள்ளே வைத்தால் எடை கூடும், திருட்டுக்கும் அழைப்பு. வங்கி நோட்டு மேல்; தெரிந்த ஆள் எடின்பரோ போகிறார் என்றால் பணத்தை அவர் கையில் கொடுப்பது இன்னும் நல்லது.

பதில் வந்ததும்

பெரும்பாலும் இரண்டு பகுதி இருக்கும்: உணவு, உடை, உடற்பயிற்சி பற்றிய கடிதம், மருந்து கலக்க லத்தீன் சீட்டு. சீட்டை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தையே சர்ஜனிடம் கொடுங்கள். உங்கள் பிரதியைக் கொண்டு மருந்து கலக்கவே கூடாது. மருந்து எடை அளவுகளான டிராமின் குறியும் அவுன்சின் குறியும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். மேலே ஒரு கோடுதான் வேறுபாடு. 20 கிரெயின் ஒரு ஸ்க்ரூப்பிள், 3 ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ். குறி மாறினால் மருந்து எட்டு மடங்காகிவிடும். அபின் சேர்ந்த மருந்தில் அது உயிரைப் பறிக்கும். மருந்துக்கடை பவுண்டு 12 அவுன்ஸ், மளிகைக்கடை பவுண்டு 16 அவுன்ஸ் என்பதையும் மறக்க வேண்டாம்.

சில வாரம் கழித்து அடுத்த கடிதம் எழுதுங்கள். அதில் உங்கள் முந்தைய கடிதத்தின் தேதியும் அவருடைய பதிலின் தேதியும் இருக்கட்டும். ஜேம்ஸ் வாட் 1780-ல் காப்புரிமை பெற்ற நகலெடுக்கும் இயந்திரத்தைக் கல்லன் 1781 முதல் பயன்படுத்தினார். ஈரமான மெல்லிய தாளை மை முழுதும் காயாத கடிதத்தின் மேல் வைத்து அழுத்தினால் நகல் கிடைக்கும். தேதி கொடுத்தால் அவர் தன் நகலை எடுத்துப் பார்த்து, எந்த மருந்தை எவ்வளவு எழுதினார் என்று தெரிந்துகொண்டே பதில் சொல்வார். நண்பர் எந்த மருந்தை எத்தனை நாள் சாப்பிட்டார், எதை ஏன் நிறுத்தினார் என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.